இரண்டு மணிக்குப் போட்ட டிக்

மதியம் இரண்டு மணிக்குச் சித்ராதேவி தன் அப்பாவை வலப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்திருக்க வேண்டும். திருப்பவில்லை. சுவரில் ஒட்டிய தாளில் 'இரண்டு மணி, வலது' என்ற கட்டத்தில் டிக் மட்டும் போட்டுவிட்டு வரைய உட்கார்ந்துவிட்டாள்.

நல்லப்பன் டாலா படகுத்துறையில் சைக்கா என்னும், பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவர். பக்கவாதம் வந்து பதினோரு மாதமாகிறது. வலது கை, கால் வராது, பேச்சு குழறும். ஆற்றுக்கு அக்கரையில் சித்ரா ஏ-லெவல் ஓவியம் படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான படிப்பு, கட்டணமில்லாமல் கிடைத்த இடம். தேர்வுக்கான தயாரிப்புப் படங்களை நாளைக் காலை பத்து மணிக்குள் ஓவிய ஆசிரியரான ஸயாவிடம் கொடுத்தாக வேண்டும். பிந்தினால் அவர் வாங்க மாட்டார்.

அம்மா அக்கரையில் லத்தா என்ற இடத்துச் சந்தையில் காய்கறி விற்றுவிட்டு இருட்டும்போதுதான் திரும்புவாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைத் திருப்பு, மற்ற நேரம் என்ன வேண்டுமானாலும் வரை, ஒருமுறை தவறினாலும் உன் வரைபலகையைப் பரணில் ஏற்றிவிடுவேன் என்று சொல்லி வைத்திருந்தாள்.

இடப்பக்கம் படுத்தால்தான் ஜன்னல் வெளிச்சம் அப்பாவின் மடங்கிய விரல்களில் விழும். பத்து நிமிடம் என்று கரித்துண்டோடு தொடங்கியவள் மூன்று விரல்களை முடித்து நிமிர்ந்தபோது மணி நாலு.

சாயிமா உள்ளே வந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள், மாலை மருந்து கொடுக்க வருவாள். மாத்திரையைக் கரைத்துப் புகட்டிவிட்டு, தாளில் இரண்டு மணி டிக்கையும் இடப்பக்கம் படுத்திருந்தவரையும் பார்த்தாள்.

"நாலு மணிக்கு நீயே இடப்பக்கம் திருப்பிட்டியா? பரவால்லியே, பொறுப்பு வந்துருச்சு."

சித்ரா தலையை ஆட்டினாள். சாயிமா குடையை எடுத்தாள். அவள் போய்விட்டால் ஆறு மணி வரை யாரும் தொட மாட்டார்கள், படம் முடிந்துவிடும். நல்லப்பன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணியது, சொல் வரவில்லை. இடுப்பைச் சற்று அசைக்கப் பார்த்தார்.

சாயிமா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, ரெண்டு மணிக்குத் திருப்பல. டிக் மட்டும் போட்டேன்."

சாயிமா செருப்பைக் கழற்றி உதறிவிட்டு வந்து, விரிப்போடு அவரைப் புரட்டினாள். இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கையளவு சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தாள். வெளுக்கவில்லை.

"அரை மணி பாப்போம். அப்பவும் வெளுக்கலேன்னா உள்ள சதை கெட ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். தேய்க்காத. தள்ளி நில்லு."

சித்ரா நின்றாள். கரி படிந்த கையைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. மின்சாரம் போய் விசிறி நின்றது. நல்லப்பனின் முதுகில் வியர்வை கோடாக இறங்கியது. சாயிமா பேனாவை நீட்டி, அந்த டிக்கை அடித்துவிட்டு நடந்ததை எழுதச் சொன்னாள். 'பன்னிரண்டு முதல் நாலேகால் வரை இடது' என்று சித்ரா தன் கையெழுத்தில் எழுதினாள்.

நாலே முக்காலுக்குச் சாயிமா மறுபடி அழுத்தினாள். விரல் பட்ட இடம் ஒரு நொடி வெளுத்து, பிறகு சிவந்தது.

"இந்தத் தடவ தப்பிச்சாரு. விடியற வரைக்கும் இந்த இடுப்புல பாரம் படக்கூடாது. உங்கம்மாகிட்ட நீதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்."

விடியும்வரை அப்பாவை இடப்பக்கம் படுக்க வைக்க முடியாது, இனி அந்தக் கையை வெளிச்சத்தில் பார்க்க முடியாது. சித்ரா புதுத்தாள் எதுவும் எடுக்கவில்லை. மூன்று விரல்களோடு நின்ற படத்தையே நாளைக்குக் கொடுப்பதென்று கீழே தேதியை எழுதி, அம்மா வந்தால் கண்ணில் படும்படி, பரணில் ஏற்ற வேண்டிய பலகையோடு கதவருகே வைத்தாள்.