பாய் கடையில் ஒரு லேடீஸ் சைக்கிள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குத் தோலில் குறை கண்டுபிடிக்கிற வேலை. தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, உள்ளங்கையால் தடவி, முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு எது இருந்தாலும் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். இருபது வருஷப் பழக்கம். கத்தரிக்காய் முதல் கல்யாண மாப்பிள்ளை வரை நான் நொட்டை சொல்லாமல் விட்டதில்லை என்பார் என் வீட்டுக்காரர். பொய்யில்லை.

பழைய சைக்கிள் ஒன்று பார்க்கப் போனபோது அவர் என்னையும் கூட்டிப் போனார். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலுக்குள் ராடு வைத்து ஒரு வருஷமாகிறது. அதற்குப் பிறகு தெருமுனைக்குக்கூட அவர் தனியாகப் போனதில்லை. இனி சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானோ சூடு பட்ட பூனை. எப்படியாவது அந்த சைக்கிளை ரிஜெக்ட் செய்துவிட வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் கிளம்பினேன்.

காலைத் தூக்கிப் போட முடியாது என்பதால் நடுவில் பார் இல்லாத லேடீஸ் சைக்கிளாகப் பார்த்து வைத்திருந்தார்.

"அறுபது வருஷத்து மாலு இதுக்கா," என்றார் கடைக்கார பாய்.

"ஒங்களுக்கே அறுபது ஆவல பாய்," என்றேன்.

பின் மட்கார்டைப் பார்த்தேன். ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். சக்கரத்தில் புடவை சிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் கயிறு கோத்த ஓட்டைகள். வயது உண்மைதான் போலிருந்தது.

பையில் கொண்டுபோயிருந்த ஷூ தைக்கிற நூலைப் பின்சக்கர அச்சிலிருந்து ஹேண்டில் கழுத்தைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவந்து கட்டினேன். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி. ஃபிரேம் கோணவில்லை. எனக்குக் கடுப்பாக இருந்தது.

குனிந்து தடவினேன். ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேருகிற இடத்தில் மெல்லிய மேடு ஒன்று விரலில் தட்டியது. விரிசலை அடைத்துப் பெயின்ட் அடித்தால் இப்படித்தான் இருக்கும். மனசு குளிர்ந்துவிட்டது. நகத்தால் சுரண்டினேன். வழிந்து காய்ந்த பெயின்ட் கட்டி, நகத்தோடு வந்துவிட்டது. அடியில் இரும்பு ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

கையை அங்கிருந்து எடுக்கவில்லை.

"இன்னா, ரிஜெக்டா?" என்று ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவர் கேட்டார். வேண்டாம் என்றால் விட்டுவிடத் தயாராக இருந்த குரல். நான் ஆமாம் என்றால் போதும், எழுந்து வந்துகூடப் பார்க்க மாட்டார். அந்த நம்பிக்கைதான் என்னை வாட்டியது.

"ஃபிரேம் நல்லா கீதுங்க. எனக்குத்தான் பயமா கீது," என்றேன்.

அவர் ராடு வைத்த காலைத் தடவிக்கொண்டார்.

"எனக்கும்தான். நீ வேணாம்னு சொல்லிடுவன்னு நம்பித்தான் ஒன்ன கூட்டியாந்தேன்."

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இருவருக்கும் சிரிப்பு அடங்க நேரமானது, எனக்குக் கண்ணீரும் வந்தது. பிறகு அவர் எழுந்து ஹேண்டிலைப் பிடித்தார். ஏறி உட்கார்ந்தார், மிதித்தார், போனார். கேரியரைப் பிடிக்க என் கை நீண்டது. நான்தான் இழுத்துக்கொண்டேன்.