குமரேசன் சொல்லாமல் போனது

குமரேசன் மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி நம் பழைய ஆபீஸ் குரூப்பில் வந்ததும் ஆளாளுக்குக் கைகூப்பும் படம் போட்டீர்கள். அவரிடம் திட்டு வாங்கிப் பாத்ரூமில் போய் அழுதவர்களும் போட்டீர்கள். எனக்குக் கை வரவில்லை.

நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளுக்கு மென்பொருள் எழுதிய நமக்கு அவர்தான் டீம் லீடர். மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்ட் எழுதுவதில் சூரர், மறுக்கமாட்டேன். அதில் ஸ்பை என்கிற வேவுபார்க்கும் போலி நிரல் என்றால் அவருக்கு உயிர். கொட்டகையில் சூடு ஏறினால் பண்ணைக்காரருக்குப் போன் அடிக்கும் அலாரத்தின் இடத்தில், டெஸ்ட்டின்போது அந்த ஸ்பை நிற்கும். யாரை, எந்த எண்ணுக்குக் கூப்பிடச் சொன்னார்கள் என்று குறித்துக்கொள்ளும். நிஜமாக அடிக்காது. "கூப்புட்டுச்சா, இல்லியா? அது போதும்" என்பார். ஒருமுறை கூப்பிட வேண்டியதை இரண்டுமுறை கூப்பிடும்படி எழுதிவிட்ட நம் பிரகாஷை, "உன் கல்யாணத்துக்கும் ரெண்டு தாலியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுச் சிரித்தார்.

அந்த அலாரத்தைக் கூப்பிடும் நிரலை எழுதியவள் நம் டீமில் இருந்த கவிதா. "ஒருக்கா நெசமாவே அடிச்சுப் பாத்துரலாங்க" என்று அவரிடம் கெஞ்சினாள். "ஸ்பை சொல்லியாச்சு. நீ பெரிய இவளா?" என்று வாயை அடைத்துவிட்டார்.

சித்திரை வெயிலில் ஒரு பண்ணையில் மின்விசிறிகள் நின்றன. நம் மென்பொருள் அலாரத்தைக் கூப்பிட்டது. ஆனால் அலாரத்தின் சிம் எப்போதோ செத்துப்போயிருந்தது. கொட்டகை முழுக்கக் கோழிகள் வாய் பிளந்து கிடந்தன. "ஒரு போன் வரலியே சாமி!" என்று பண்ணைக்காரர் ஆபீசில் வந்து கதறினார்.

"நான் எழுதுனது சரியாத்தானுங்க கூப்புட்டிருக்குது. உங்க டெஸ்ட்டே சொல்லுதே" என்றாள் கவிதா.

"கூப்புட்டா மட்டும் போதுமா? மணி அடிச்சுதா?" என்றார் குமரேசன், கொஞ்சமும் கூசாமல். அடப்பாவி! அன்றே அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். கோழியைக் கொன்றவள் என்ற பேச்சு முந்திக்கொண்டு போனதால் வேறு இடத்திலும் வேலை கிடைக்கவில்லை.

இழவு வீட்டுக்குக் கவிதா வந்திருந்தாள். ஃப்ரீசர் பெட்டியருகே நின்றவளிடம், "நீ எதுக்கும்மா வந்தே?" என்றேன்.

"எம்மேல தப்பில்லைன்னு என்னிக்காச்சும் இவரு வாயால சொல்லுவாருன்னு இருந்தேனுங்க. இனி யாருங்க சொல்லுவாங்க?"

குமரேசனிடமிருந்து நான் ஸ்பை எழுதும் வித்தையை வைத்துக்கொள்கிறேன். அவர் சொல்லாமல் விட்டதைத்தான் வைத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கோழிகள் செத்ததில் கவிதாமேல் தப்பில்லை. தப்பு குமரேசனுடையது.