கழுத்துக்கு இன்ச் டேப் வைத்த வெள்ளிக்கிழமைகள்

நேற்று எங்கள் ஊரான மண்ணரையில் எங்கள் ஊட்டில் இருந்தது மூன்றே பேருங்க: நான், என் வீட்டுக்காரர், அவர் தங்கச்சி சுமதி. (டிவியும் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஆளாகச் சேர்க்கவில்லை.)

சுமதிக்குக் கழுத்தில் ஒரு கட்டி. ரத்தத்தில் கொலஸ்ட்ராலும் அதிகம். டாக்டர் ஊசி டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"மூணு மாசம் எண்ணெயக் கொறச்சுப் பாக்கறேனுங்கண்ணி. கொழுப்பு எறங்குனா கட்டியும் கரைஞ்சிரும்" என்றாள்.

தொண்ணூறுகளில் இதையே நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது என் மகள் மூணாவது படித்தாள். எனக்கும் ரத்தத்தில் கொழுப்பு. தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் சுண்டைக்காய் அளவு கட்டி. கோயமுத்தூர் போய் ஊசி டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள்.

மாமியார் விடவில்லை.

"ரத்தத்துல ஓடற கொழுப்புதான் கண்ணு அங்க வந்து தங்கிருச்சு. வாயக் கட்டு, கரைஞ்சிரும். ஊசி குத்துனா ஒடம்பெல்லாம் பரவீரும்."

நானும் நம்பினேன். வடை சாமிக்கு மட்டும் என்று ஆனது. தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய்தான்.

நான் எதையும் எழுதி வைக்கிறவள். வீட்டுக்காரர் அப்போது பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் அவர் டேப்பை எடுத்துக் கழுத்தை அளந்து நோட்டில் குறிப்பேன்.

"ஏம்புள்ள, ரவுண்டு நெக் ஆர்டர் ஏதாச்சும் வந்திருக்குதா?" என்பார்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தோம். கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. மாமியார் முருகன் படத்துக்குக் கற்பூரம் ஏற்றினார்.

நான் நோட்டைப் பிரித்தேன். கழுத்து கால் இன்ச் கூடியிருந்தது.

நோட்டை வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன்.

"ஏனுங்க, கழுத்து கால் இன்ச் தப்புனா பீஸ ரிஜெக்ட் பண்ணுவீங்கல்ல? இத மட்டும் எப்படிங்க பாஸ் பண்றீங்க?"

டேப்பை வாங்கி அவரே அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"நாளைக்கு லீவு சொல்லிட்டு வர்றேன்."

"முருகனக்கூட நம்பமாட்டேங்கறயே" என்றார் மாமியார்.

"அவன நம்பித்தானுங்கத்தே போறேன். நீங்களும் வாங்க."

வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான், ஆனாலும் வந்தார்.

ஊசி டெஸ்டில் தைராய்டு கேன்சர் என்று வந்தது. ஆபரேஷன் ஆயிற்று. வார்டில் டாக்டரிடம் கேட்டேன்:

"கொழுப்பு இருந்ததுனாலதான் வந்துச்சுங்களா சார்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. தைராய்டு மந்தமானா ரத்தத்துல கொழுப்பு ஏறும், அது உண்மை. அதுக்காக, கொழுப்பு எறங்கிருச்சு, கட்டியும் நல்ல கட்டிதான்னு முடிவு கட்டிரக் கூடாது. அதத் தனியாப் பாத்தே ஆகணும்."

எட்டாவதோடு நின்றவள் நான். ஆனால் இதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அன்றிலிருந்து காலையில் தைராய்டு மாத்திரை, அப்புறம்தான் விளக்கு.

சுமதி, எண்ணெயைக் குறை, நல்லதுதான். ஆனால் அந்த மூன்று மாதம் வேண்டாம். எனக்கு அது கால் இன்ச் ஆனது.

வியாழக்கிழமை காலையில் நானும் உன் அண்ணனும் உன் வீட்டுக்கு வருகிறோம். (டேப் அவர் பையில் ஏற்கெனவே இருக்கிறது.)

எங்களோடு கோயமுத்தூர் வருகிறாயா? இன்று சாயங்காலத்துக்குள் பதில் போடு.