ஈரப்பதத்தின் மேல் போட்ட பழி

ஒரு நல்ல வேலைக்காரரின் பெயரை நான் கெடுத்தேன். பாதி, தெரியாமல் செய்த பிழை. மீதி, தெரிந்தே எழுதிய பொய். வெட்கப்படுவது அந்த இரண்டாவதற்குத்தான்.

அவர் கெர்பாவ் ரோட்டில் ஒரு மாடியறையில் பிடில் வில் செய்துவந்தார். நாற்காலி, மேசையும் செய்வார். ஆனால் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஆட்கள் அந்தக் குறுகலான படியேறி வந்தது வில்லுக்காகத்தான். வருபவரைப் பாயில் உட்காரவைத்து, வெறுங்கையைக் காற்றில் இழுத்துக்காட்டச் சொல்வார். பெரிய உத்தியோகஸ்தர்களும் டையைத் தோளில் போட்டுக்கொண்டு காற்றை இழுப்பார்கள். கையைப் பார்த்த பிறகுதான் மரத்தைத் தொடுவார். முடி, புக்கிட் தீமா பந்தயக் குதிரைகளின் வால்முடி.

ஐம்பதுகளின் கடைசியில் நான் துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறியவன் என்பதால் தஞ்சோங் பகாரில் எங்கள் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பொங்கல் விழாவில் பிடில் வாசிக்கவிருந்த யாழ்ப்பாணத்துக்காரருக்குப் புது வில் தயாராகியிருந்தது. அதை வாங்கிவரப் போனேன்.

"முடியில கை மட்டும் வச்சிடாதீங்க கிராணியாரே" என்று சொல்லிக் கொடுத்தார்.

நான் கை வைக்கவில்லை. வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். முடியெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தூசி. வறண்டு கிடந்தது. அது தந்தியைப் பற்றுவதற்காகத் தேய்த்த ரோசின் என்ற பிசின் தூள் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. வறண்ட முடிக்கு எங்கள் வீட்டில் எது வைத்தியமோ அதையே செய்தேன். ஈரத் துணியால் தூசியைத் துடைத்து, பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு நுனிமுதல் அடிவரை தடவினேன். பளபளவென்று ஆனது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வில்லை மேடையேறும்போதுதான் பிடில்காரரிடம் கொடுத்தேன். கச்சேரியில் பாடகர் ஆலாபனையை முடித்துவிட்டுப் பிடில்காரரைப் பார்த்தார். அவர் வில்லை இழுத்தார். சத்தமே இல்லை. மறுபடி இழுத்தார். ரோசினை எடுத்துத் தேய்த்தார். அது எண்ணெயோடு சேர்ந்து பசையானது. முன்வரிசையில் இருந்த, கூலியாட்களை மேற்பார்க்கும் துறைமுக மண்டோர், "என்னா லா, பிடிலு இன்னிக்கு மௌன விரதமா?" என்றார். மண்டபமே சிரித்தது.

"இது வில்லே? தும்புத்தடி" என்றார் பிடில்காரர் ஒலிபெருக்கியிலேயே. அவர் ஊரில் துடைப்பத்துக்கு அதுதான் பெயர். வில் செய்தவர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விருந்தினருக்கு ஆரஞ்சு பானம் வைக்கும் சாக்கில் வெளியே போய்விட்டேன்.

சங்கம் விசாரணைக்குழு அமைத்தது. படித்தவன், நடுநிலையானவன் என்று என்னையே தலைவராகப் போட்டார்கள். வில் செய்தவர் கேட்டது ஒன்றுதான்: வில்லை ஒரு முறை கையில் கொடுங்கள், என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். விசாரணையில் உள்ள பொருளைத் தருவதற்கு விதியில் இடமில்லை என்றேன். அப்படி ஒரு விதியே கிடையாது. அன்றே வீட்டுக்கு வந்து, என் பொறுப்பில் இருந்த வில்லின் முடியை எண்ணெய்த் தடம் போகச் சவுக்காரம் போட்டுக் கழுவினேன். காய்ந்ததும் முடி சுருண்டுகொண்டது. அதைப் பார்த்தபோதுதான் காரணம் கிடைத்தது. "இந்நாட்டின் மிகுதியான ஈரப்பதத்தில் இவர் செய்யும் விற்களின் முடி பிடிப்பை இழக்கும் தன்மையுடையது" என்று நான்கு பக்கத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். நல்ல நடை. மலாயாவிலுள்ள ஒன்பது இசைச் சபைகளுக்கும் பிரதி அனுப்பினோம். பிறகு வில் கேட்டு யாரும் படியேறவில்லை.

ஆறு ஆண்டுகள் அந்தத் தெருவுக்குள் நுழையாமல், பக்கத்திலிருந்த தேக்கா மார்க்கெட்டுக்குச் சுற்றிப் போனேன். பிடில்காரரோ, மழைநாளில் சுருதி பிசகினால் என் அறிக்கையைத்தான் மேற்கோள் காட்டினார். ஒரு நாள் அதைக் கேட்கப் பொறுக்காமல் நேரே கெர்பாவ் ரோட்டுக்குப் போய், நாற்காலிக் கால் இழைத்துக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

இழைப்புளியை நிறுத்தினார். "எவ்ளோ எண்ணெ?"

"ரெண்டு ஸ்பூன் இருக்கும்."

"படிச்சவரு எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். இத்தன வருசமும் என் கைதான் தப்புன்னு இருந்தேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

ஆண்டுக் கூட்டத்தில் என் குற்றத்தை வாசித்தேன். முன்மொழிந்து வழிமொழிந்து ஏற்ற அறிக்கையைத் திரும்பப் பெற முடியுமா என்று ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். பிடில்காரர் மறுநாளே கெர்பாவ் ரோட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு ஒரு வில்லுக்குச் சொல்லிவைத்தார். ஒன்பது சபைகளுக்கும் நான் உண்மையை எழுதினேன். இரண்டு ஊரிலிருந்து ஆள் வந்தது. ஆறிலிருந்து பதிலே இல்லை. பினாங்கு சபை மட்டும் பதில் எழுதியது: முந்தைய அறிக்கை விஞ்ஞானபூர்வமானது, அதன்படி தகரப் பெட்டிக்குள் மின்விளக்கு எரியவிட்டு வில்களைப் பாதுகாத்து வருகிறோம், தங்கள் இரண்டாவது கடிதம் உணர்ச்சிவசப்பட்டு எழுதியதாகத் தோன்றுகிறது.

கடிதத்தை வில் செய்தவரிடம் படித்துக்காட்டினேன்.

"சூட்டுல குச்சி வளஞ்சிடும். அத எழுதிப் போடுங்க" என்றார்.

எழுதிப் போட்டேன். அடுத்த ஆண்டு பினாங்கிலிருந்து, நிமிர்த்தித் தரச் சொல்லி மூன்று வில் வந்தன. கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் ஒற்றைக் கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார். பிறகு கரியடுப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சூட்டில் வளைந்த முதல் குச்சியை அனலில் காட்டி நிமிர்த்த ஆரம்பித்தார்.