கட்டுப் பிரிக்கும் காலை

பதினெட்டு வருடமாகச் சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள் அவள். இரண்டு பிரசவத்திலும் வாய் திறந்து கத்தாதவள் என்று வீட்டில் பேச்சு. அப்பேர்ப்பட்டவளைப் புண்ணுக்குப் போட்ட ஒரு கட்டு அழ வைத்தது.

நீராவிக் குழாய் ஒன்று வெடித்து அவளுடைய இடது முன்கை வெந்துபோனது. தினமும் காலையில் மருத்துவமனைக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். புண்ணோடு ஒட்டிய துணியை நர்ஸ் எவ்வளவுதான் நனைத்து நனைத்து எடுத்தாலும் உயிர் போய் உயிர் வரும். மூன்றாம் நாளே, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கூடப் போன நாத்தனார்தான் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனாள்.

ஐந்தாம் நாள் பஸ் வரவில்லை. நேரம் தவறினால் மதியம்வரை காத்திருக்க வேண்டும். இருவரும் விறுவிறுவென்று நடந்தார்கள்; பாலத்து ஏற்றத்தில் பாதி ஓட்டம். வியர்த்துக் கொட்ட, மூச்சு வாங்க உட்கார்ந்தவுடனே நர்ஸ் கட்டைப் பிரித்தார். வலித்தது, ஆனால் பல்லைக் கடித்துத் தாங்கிவிடக்கூடிய வலி.

மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்று நர்ஸ் கேட்டார். இல்லை, ஓடி வந்தோம் என்றாள்.

"சில பேருக்கு உடம்பு நல்லா அசைஞ்சு சூடானா, கொஞ்ச நேரம் வலி கம்மியாத் தெரியும். எல்லாருக்கும் அப்படி இருக்காது. உங்களுக்கு ஒத்துக்கிட்டா நடந்தே வாங்க. தலை சுத்தினா மட்டும் நின்னுடுங்க" என்றார் நர்ஸ்.

அவள் நம்பவில்லை. அவசரத்தில் பயம் மறந்திருக்கும் என்று நினைத்தாள். மறுநாள் பஸ்ஸில் சொகுசாகப் போய் இறங்கினாள். கட்டைப் பிரித்தபோது நாத்தனாரின் மணிக்கட்டில் அவள் நகங்கள் நான்கும் பதிந்தன.

அடுத்த காலை நாத்தனார் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நடங்க அண்ணி. உங்க கை ஆறுறதுக்குள்ள என் கை புண்ணாயிடும்போல."

அதன் பிறகு தினமும் நடைதான். வலி அடியோடு போய்விடவில்லை. மழையில் நனைந்து போன ஒரு நாள் நன்றாகவே படுத்தியது. மற்ற நாட்களில், வலி மறுபடி தலைதூக்குவதற்குள் புதுக் கட்டுப் போட்டு முடிந்திருக்கும். முந்தின சாயங்காலமே தொடங்கிவிடும் பயம் விட்டுப்போனது. தொண்டையில் சோறு இறங்கியது. வீட்டில் சிரிக்கவும் தொடங்கினாள்.

இருபத்திரண்டாம் நாள் நர்ஸ் புதுத்தோலை மெல்லத் தொட்டுப் பார்த்து, இனிமேல் கட்டு வேண்டாம் என்றார். வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் எழாமல் உட்கார்ந்திருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"வலிக்குதாம்மா?"

"இல்லீங்க" என்றாள். "வலிக்கலே."