கழுவிய கண்ணாடி

அவள் சிரித்தால் மூன்று அறை தாண்டிக் கேட்கும். வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி இருக்கிறதே என்று முதல் வாரமே யாரோ வாய்விட்டுச் சொல்லப்போக, அன்றிலிருந்து ஆய்வுக்கூடத்தில் அவள் பெயர் வெண்கலக்கடை. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தொலைபேசியை எடுத்தால் அவளே “வெண்கலக்கடை பேசறேன்” என்பாள். இப்படிப்பட்டவளுக்குத்தானா தும்மக்கூட யோசிக்க வேண்டிய ஒரு வேலை வாய்க்க வேண்டும்?

அவள் வேலை லேசர் அறையில். ஜன்னல் இல்லாத அறை, கதவுக்குப் பின்னால் கறுப்புத் திரை, நடுவில் கட்டில் அளவுக்கு ஓர் இரும்பு மேஜை. மேஜை முழுக்கத் திருகாணி போட்டு நிறுத்திய, ஒளியைத் திருப்பிவிடும் குட்டிக் குட்டி ஆடிகள். கதவைத் திறந்தால் காற்று அசையும், காற்று அசைந்தால் ஒளி அசையும், ஒளி அசைந்தால் அன்றைய அளவீடு குப்பைக்குப் போகும். அதனால் அளவீடு நடக்கும்போது யாரும் உள்ளே வரக்கூடாது, பேசக்கூடாது என்பது அங்கே சட்டம். அவள் சேர்ந்த புதிதில் எதையோ நினைத்துச் சிரித்துவிட, கணினித் திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு துள்ளிக் குதித்தது. அதற்குப் பிறகு சிரிப்பு வந்தால் அளவீட்டை நிறுத்திவிட்டு நடைபாதைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவாள்.

அவளுக்கு நாற்பது தாண்டியாகிவிட்டது. அதுவரை பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட, நானும் படிக்கப் போறேன் என்று கிளம்பிவிட்டாள். ஆழம் தெரியாமல் காலை விடுகிறாள் என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். காலை விட்டவளோ நீந்தவும் கற்றுக்கொண்டாள். அவளுக்கு வழிகாட்டியாக வந்த பேராசிரியை அவளைவிட வயதில் சின்னவள். முதல் நாள் யார் யாருக்கு எழுந்து நிற்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். கடைசியில் அவள் பேராசிரியையை மேடம் என்பது, பேராசிரியை அவளை அக்கா என்பது என்று ஒரு சமாதானம் ஏற்பட்டது.

அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். தங்கமான மனிதர், வாய் மட்டும் ஓட்டை. காலையில் வீட்டில் சொன்னது, பேருந்து பள்ளி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அத்தனை பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். சாயங்காலத்துக்குள் பெற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும். மனைவி செய்யும் ஆராய்ச்சியையும் அவர் விட்டுவைக்கவில்லை. தெருவில் அவள் நடந்து போனால், வெளிச்சத்தைப் பிடிச்சாச்சா என்று பேருந்து ஜன்னலிலிருந்து குரல் வரும்.

பிடிப்பது அத்தனை சுலபமா என்ன? ஒரு நொடியைக் கோடித் துண்டாக்கி, அதில் ஒரு துண்டை எடுத்து மறுபடி கோடித் துண்டாக்க வேண்டும். அப்படிப்பட்ட துண்டுகளில் நாலைந்தைச் சேர்த்தால்தான் அவளுடைய லேசர் துடிப்பு ஒன்றின் நீளம் வரும். கண் மூடித் திறப்பதற்குள் என்று நாம் சொல்கிறோமே, அந்தத் துடிப்பின் கணக்கில் அது யுகக்கணக்கு. இரண்டு துடிப்புகள் அவளுக்கு வேண்டும். முதலாவது போய் எழுப்பும்; இரண்டாவது பின்னாலேயே போய், எழுந்தாச்சா என்று பார்க்கும். இரண்டாவதைத் தாமதப்படுத்த ஒரே வழி, அது வரும் பாதையை நீட்டுவது. ஓர் ஆடியைத் தலைமுடியின் தடிமனில் ஒரு பங்கு நகர்த்தினால் போதும்.

எழுப்புவது எதை? இரண்டு கரிமப் பொருட்களை மை போலக் கரைத்து, சுழலும் கண்ணாடித் துண்டின் மேல் ஒரு சொட்டு விட்டால், ஊதா நிறத்தில் ஒரு படலம் பரவும். பின்னாளில் துணிபோலச் சுருட்டி வைக்கக்கூடிய சூரியத் தகடுகளாக ஆகக்கூடிய படலம். அதன் மேல் ஒளி பட்டால் உள்ளே மின்சுமை பிறக்கிறது. எப்போது பிறக்கிறது என்பதில்தான் தகராறு. ஒளி பட்டதும் முதலில் ஓர் இணை உண்டாகும், பிளஸ்ஸும் மைனஸும் ஒட்டிக்கொண்டே அலையும், இரண்டு பொருட்களும் சந்திக்கும் எல்லைக்கு வந்த பிறகுதான் பிரியும் என்பது பெரும்பாலோர் கட்சி. எல்லையிலேயே பிறக்கும் இணைகள் காத்திருப்பதில்லை, பட்டவுடனே பிரிந்துவிடுகின்றன என்பது அவள் கட்சி.

மூன்று வருட உழைப்புக்குப் பிறகு, லேசர் துடிப்பை இன்னும் குட்டையாக்கியதும், அது தெரிந்தது. திரையில் கோடு செங்குத்தாக ஒரு படி ஏறியது. பிறகு சாவகாசமாக இன்னொரு படி. முதல் படி உடனே பிறந்த மின்சுமை, இரண்டாவது அலைந்து வந்து பிறந்தது. அவள் நடைபாதைக்கு ஓடினாள். அவள் ஓடியதைப் பார்த்தே கட்டிடம் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. மறுநாள் பேருந்திலும் தெரிந்துவிட்டது.

ஆனால் இந்தத் தொழிலில் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு காரியம் செய்தாக வேண்டும். இரண்டு துடிப்புகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும் கணத்தில், வெறும் கண்ணாடிகூட ஒரு பொய் ஏற்றத்தைக் காட்டும். ஆகவே படலம் இல்லாத கண்ணாடியையும் அதே மாதிரி அளந்து பார்க்க வேண்டும். பழைய நீளத் துடிப்பில் அதை அவள் எப்போதோ செய்திருந்தாள். குட்டைத் துடிப்பில் இனிமேல்தான் செய்ய வேண்டும். அவகாசமும் அதிகம் இல்லை. அந்த வாரக் கடைசியில் லேசரைக் கழற்றிப் புதுக் கட்டிடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மறுபடி மாட்டி, ஆடிகளை நேர்ப்படுத்தி, வெளிச்சம் வர அரை வருடம் ஆகிவிடும். அதற்குள் வேறு ஏதாவது ஓர் ஊர் ஆய்வுக்கூடம் முந்திக்கொள்ளும். அளந்து பார்த்து அது கண்ணாடியின் பொய் என்று தெரிந்தாலோ, மூன்று வருடமும் தண்ணீரில் எழுதிய எழுத்தாகப் போகும்.

கண்ணாடியை வைத்தாள். அளந்தாள். கோடு செங்குத்தாக ஏறியது.

அவளுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. படலமே இல்லாத கண்ணாடியில் அதே மாதிரி ஒரு படி. அப்படியென்றால் தான் பார்த்தது மின்சுமை இல்லை, கண்ணாடியின் பொய். மேலே பார்க்கப் பிடிக்காமல் கணினியை அணைத்துவிட்டாள். வெளியூர்க் கூட்டத்தில் இருந்த பேராசிரியையிடம் தொலைபேசியில் சொன்னாள். விடுங்க அக்கா, இதெல்லாம் நடக்கறதுதான் என்று அந்தப் பெண் ஆறுதல் சொன்னாள். ஆறுதல் சொன்ன குரலும் உடைந்துதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். வெளிச்சத்தைப் பிடித்தாயிற்று என்று யாரிடமெல்லாம் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். யாரிடம் சொல்லவில்லை என்று கேட்டிருந்தால் பதில் சீக்கிரம் வந்திருக்கும்.

“அத்தனை பேர்கிட்டயும் அது தப்புன்னு சொல்லிடுங்க. நாளைக்கே சொல்லிடுங்க. தெருவுல போனா பிள்ளைங்க கேக்குது, எனக்கு மூஞ்சியக் காட்ட முடியல.”

“சரி, சொல்லிடறேன்” என்றார் அவர்.

அடுத்த நாள் முழுக்க மூட்டை கட்டும் வேலை. அதற்கும் அடுத்த நாள், சாமான் ஏற்ற வந்த ஆட்கள் ஸ்பேனரும் கையுமாக வாசலில் நிற்கையில், அவள் நாற்காலி போட்டு மேல் தட்டில் இருப்பதையெல்லாம் இறக்கிக்கொண்டிருந்தாள். அங்கே கடைசியாக வாங்கிய புதுக் கண்ணாடித் துண்டுகளின் அட்டைப்பெட்டி இருந்தது. கையில் எடுத்தாள். கனமாக இருந்தது. பெட்டியைச் சுற்றிக் கடைக்காரன் ஒட்டிய நாடா, ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

அவள் நாற்காலி மேல் நின்றபடியே நின்றாள்.

இங்கே அவளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் எதையும் தூக்கிப் போடாத ஜாதி. பிளாஸ்டிக் பையைக் கழுவிக் கொடியில் காயப்போடுவாள். பரிசு சுற்றி வந்த காகிதத்தை நீவி மடித்து மெத்தைக்கு அடியில் வைப்பாள். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ஒரு தடவை படலம் போட்ட கண்ணாடியைத் தூக்கி எறிய, அவள் மட்டும் கரைப்பானில் ஊறப்போட்டு, துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பாள். அன்றைக்கு வெறும் கண்ணாடி வேண்டும் என்றதும் கை பழக்கத்தில் அந்த டப்பாவுக்குத்தான் போயிருக்கிறது. கழுவியதுதானே என்று மனசும் சும்மா இருந்துவிட்டது.

மீன் வறுத்த சட்டியைக் கழுவிவிட்டு மோந்து பார்க்கிறவள்தான் அவள். கண்ணாடியை மோந்து பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால்?

நாற்காலியிலிருந்து குதித்தாள். கணினி இன்னும் மூட்டைக்குள் போகவில்லை. அன்றைய கோட்டைத் திறந்தாள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்களே, ஏறியதைப் பார்த்தவள் இறங்கியதா என்று பார்க்கவே இல்லை. கண்ணாடியின் பொய் என்றால், துடிப்புகள் கடந்து போனதும் கோடு தரைக்கு வந்திருக்க வேண்டும். கண்ணாடிக்கு ஞாபகசக்தி கிடையாது. இந்தக் கோடோ ஏறிய படியிலேயே உட்கார்ந்திருந்தது. சின்னப் படிதான், ஆனால் இறங்கவே இல்லை.

அதே சமயம் பேராசிரியை பெட்டியும் கையுமாக ரயில் நிலையத்திலிருந்து நேரே வந்து சேர்ந்தாள். வெண்கலக்கடைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொன்னதையே முன்பின்னாக இரண்டு தடவை சொன்னாள். பேராசிரியை கோட்டைப் பார்த்தாள், நாடா பிரிக்காத பெட்டியைப் பார்த்தாள், பிறகு வாசலுக்குப் போய், அண்ணே, எல்லாரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க, மெதுவா வந்தா போதும் என்று ஆட்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பெட்டியைப் பிரித்துப் புதுக் கண்ணாடியை வைத்தார்கள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோடு ஊசிமுனை போல ஒரு கணம் எழுந்தது. உடனே தரைக்கு வந்தது. அதற்குப் பிறகு வெறும் தரை, திரையின் கடைசி வரைக்கும் ஒன்றுமே இல்லாத தரை. இத்தனை அழகான ஒன்றுமில்லாததை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அப்படியானால் கழுவிய கண்ணாடியில் ஏறிய படி, ஒட்டிக்கொண்டிருந்த மிச்சப் படலத்தின் மின்சுமை. அதில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. அந்த மிச்சத்தில் முதல் படி மட்டும்தான் இருந்தது, சாவகாசமான இரண்டாவது படியைக் காணோம். பேராசிரியை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மிச்சம் அவ்வளவு மெல்லிசு. அதில் அலைவதற்கு இடமே கிடையாது. பிறக்கிற இணையெல்லாம் எல்லையிலேதான் பிறந்தாக வேண்டும், பிறந்தவுடனே பிரிந்தாக வேண்டும். முதல் படியைத் தனியே பிரித்துக் காட்ட இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. திட்டம் போட்டுச் செய்வதென்றால் இரண்டு பேருக்கும் தோன்றியே இருக்காது.

“அக்கா, இதை நாம கண்டுபிடிக்கல” என்றாள் பேராசிரியை. “உங்க கஞ்சத்தனம் கண்டுபிடிச்சிருக்கு.”

“கஞ்சத்தனம் இல்ல மேடம், சிக்கனம்.”

“கட்டுரையில ரெண்டையுமே போட முடியாது. இன்னும் நாலு கண்ணாடியைக் கழுவுங்க, ஆளுங்க வர்றதுக்குள்ள அளந்துடலாம்.”

நாலையும் கழுவினார்கள். நாலும் அதையே சொன்னன. ஆட்கள் டீ குடித்து, அரட்டை அடித்து, வாசலில் தூங்கியும் எழுந்த பிறகுதான் கதவு திறந்தது. லேசர் போய்விட்டது. அவளுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தான் போனது.

அப்புறம்தான் அவளுக்குக் கணவர் ஞாபகம் வந்தது. பாவி மனுஷன், இந்நேரம் ஊர் முழுக்க அது தப்பு என்று பரப்பியிருப்பாரே. பள்ளி விடும் நேரம். கைப்பையை எடுத்துக்கொண்டு தெருவோடு ஓடினாள். பேருந்து பள்ளிச் சுவரோரம் நின்றிருந்தது, மணி இன்னும் அடிக்கவில்லை. அவர் ஓட்டுநர் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளில் மனிதர் ஒரு சுற்று இளைத்த மாதிரி இருந்தது.

படியேறி மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். தப்பு இல்லைங்க, சரியாதான் பார்த்திருக்கேன், அந்தக் கண்ணாடிதான் சுத்தமில்ல என்றாள். நீங்க மறுபடி அத்தனை பேர்கிட்டயும் மாத்திச் சொல்லணும், ரொம்ப சங்கடம்தான் என்றாள்.

“மாத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல” என்றார் அவர். “நான் யார்கிட்டயும் தப்புன்னு சொல்லல.”

“சொல்லிடறேன்னு சொன்னீங்களே.”

“சொல்லத்தான் இருந்தேன். ஆனா நீ எதையாவது ஒரு தடவை பாத்துட்டு விட்டிருக்கியா? கேஸை அணைச்சுட்டு வந்து மறுபடி ஒரு தடவை போய்ப் பாக்கற ஆளு. கண்ணாடியை ஒரே தடவைதான் பாத்தேன்னு சொன்னே. ரெண்டாவது தடவை பாத்துட்டு வரட்டும்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்.”

கண்ணீர் பொலபொலவென்று வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. இந்த வாயையா இருபது வருடமாக ஓட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்று இருந்தது. அந்த மூன்று வருடத்தில் அவள் வேலையை அவளே கைவிட்ட நாள் ஒன்று இருந்தது; அன்றைக்கும் இந்த மனிதர் அதைக் கைவிடவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் பைகளோடு ஓடி வந்து ஏறினார்கள். முன் இருக்கையில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அத்தை ஏன் அழறாங்க என்று ஒருத்தி கேட்டாள். பதில் சொல்ல அவர் வாயெடுத்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

“நீயே சொல்லு” என்றார்.