ஹரிதாஸ் வெட்ஸ் சரிதா

மஞ்சூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஹரிதாஸ் செல்போன் கடை போட்ட காலத்தில் பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லை. பறிக்கிற கூலிகூடத் தேறாது என்று பலர் இலையைச் செடியிலேயே முற்ற விட்டுவிட்டார்கள். புது போன் வாங்க ஆளில்லை. ஆனால் பாட்டுக் கேட்பதை மட்டும் யாரும் விடவில்லை. மெமரி கார்டைக் கழற்றி நீட்டி, "நல்லதாப் பார்த்து ஏத்தி உடுங்க" என்பார்கள். கடை ஓடியதே அதில்தான்.

அவன் கம்ப்யூட்டரில் பாட்டுகள் கிடந்த கோலம் சொல்லி முடியாது. ஒரே பாட்டு நாலைந்து தடவை இருக்கும். ஒன்று பாதியில் நிற்கும், ஒன்றில் நடுவே விளம்பரக் குரல் வரும், ஒன்று கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கும். பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதாவது வெப்சைட்டின் பெயர் இருக்கும்.

தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த ஆறுச்சாமியின் மகள் சரிதாவை அவனுக்கு நிச்சயம் செய்தார்கள். ஹரிதாஸுக்குச் சந்தோஷம் வந்தால் அடக்கி வைக்கத் தெரியாது. ஒவ்வொரு பாட்டிலும் முழுசாக, தெளிவாக இருந்த பிரதியைக் கேட்டுக் கேட்டுத் தேர்ந்தெடுத்தான். அப்படித் தேர்ந்தவற்றில் மட்டும், பாடியவர் பெயர் வரும் இடத்தில் 'ஹரிதாஸ் வெட்ஸ் சரிதா' என்று ஆங்கிலத்தில் அடித்தான். இனி எந்த போனில் பாட்டுப் போட்டாலும் திரையில் அந்த வரி ஓடும். மஞ்சூர் முழுக்கப் பத்திரிகை வைத்த திருப்தி அவனுக்கு.

அடுத்த மாதமே ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். கல்யாணம் தைக்குத் தள்ளிப்போனது. தை வந்தபோது பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, வேண்டாம் என்று முடித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட இருவரையும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்களோ. நிச்சயத்துக்குப் பிறகு போனில் அவர்கள் பேசியதெல்லாம் "சாப்பிட்டாச்சுங்களா" என்பது மட்டும்தான். ஹரிதாஸ் கொஞ்ச நாள் கடையைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே கிடந்தான். பிறகு திறந்தான். பாட்டுகளில் எழுதியது அவன் நினைவில் இல்லை.

பாட்டுகள் சும்மா இருக்கவில்லை. போனிலிருந்து போனுக்குத் தாவி எடக்காடு, குந்தா, கிண்ணக்கொரை என்று போய்விட்டன. ஒருநாள் தோட்டத்தில் இலை பறிக்கும் பாப்பம்மாள் கடைக்கு வந்தாள்.

"ஹரிதாஸ் வெட்ஸுன்னு ஒருத்தர் பாடுவாருங்களே, அவரு பாட்டா ஏத்துங்க."

"அதுல பொம்பளைக் குரலும் வருமேங்க?" என்றான் அவன்.

"அது சரிதா" என்றாள் பாப்பம்மாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

அன்றைக்கே ஆறுச்சாமியும் வந்தார். "ஏனுங்க மாப்..." என்று ஆரம்பித்து விழுங்கினார். "ஏனுங்க ஹரி. புள்ளைய அருவங்காட்டுல வேலை பாக்கற சுரேந்திரனுக்குப் பேசியிருக்குதுங்க. நேத்து அவரு போன்ல பாட்டு வெச்சாரு. உங்க பேரு ஓடுதுங்க. என்ற புள்ள பேரோட சேர்ந்து ஓடுதுங்க."

ஹரிதாஸுக்கு எங்கே முகத்தை வைப்பதென்று தெரியவில்லை. "நாளைக்கே எடுத்துப்போடறனுங்க" என்றான்.

ஒன்றுபோலிருக்கும் பாட்டுகளைக் கண்டுபிடித்து அழிக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டான். எதை அழிக்க என்று அது கேட்டது. அந்தப் பெயர் இருப்பதையெல்லாம் அழி என்றான். அழித்தது. மிச்சமிருந்தவை பாதியில் நிற்பதும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதும்தான். அவன் கவனிக்கவில்லை. அதையே ஊருக்கெல்லாம் ஏற்றிவிட்டான்.

வாங்கிப்போனவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். பிறகு வருவதையும் நிறுத்தி, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பழையதையே வாங்கிக்கொண்டார்கள். ஹரிதாஸ் வெட்ஸ் சரிதா என்றிருந்தால் நல்ல பாட்டு, இல்லாவிட்டால் ஓட்டை என்று பேச்சு பரவிற்று. பஸ் டிரைவர் எல்லப்பனிடம் போய், பென் டிரைவைக் கொடுங்கள், இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறேன் என்று கெஞ்சினான். எல்லப்பன் அதைச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார்.

"உன்ற சுத்தம் வேண்டாஞ்சாமி. வளைவுல வண்டி திரும்பறப்ப பாட்டு நின்னுபோனா எனக்கு உசுரே போகுது."

கடைசியில் சரிதாவே வந்தாள். கூட சுரேந்திரன். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று ஹரிதாஸ் எழுந்து நின்றான்.

"நானும் அது பாடறவர் பேருன்னுதானுங்க நெனச்சேன்" என்றார் சுரேந்திரன். "பாட்டெல்லாம் அருமைங்க. அழிச்சுறாதீங்க."

சரிதா அவர் போனை மேஜைமேல் வைத்தாள். "ஏனுங்க, பாட்டை எதுக்கு அழிக்கறீங்க? என் பேரை மட்டும் எடுங்க."

இது அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்த போனில் இருந்த நல்ல பாட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொண்டான். 'சரிதா' என்று எங்கிருந்தாலும் நீக்கச் சொன்னான். ஒரு நிமிடத்தில் முடிந்தது. நல்ல பாட்டு மறுபடி வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஊரே கார்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. எல்லப்பனும் ஒரு பாட்டை முழுக்கக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பென் டிரைவைத் தந்தார். சரிதாவின் பெயர் மெல்ல மெல்ல மறைந்து, அவள் கல்யாணமும் குன்னூரில் நல்லபடியாக நடந்தது.

ஹரிதாஸ் கவனிக்காமல் விட்டது ஒன்றுதான். திரைகளில் இப்போது 'ஹரிதாஸ் வெட்ஸ்' என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பையன் பெண் தேடுகிறான், அதை இப்படிச் சொல்கிறான் என்று ஊர் புரிந்துகொண்டது. தெரிந்தவர்கள் ஜாதகத்தோடு வர ஆரம்பித்தார்கள். எல்லப்பன் கொண்டுவந்தது பெர்ன்ஹில் பெண் ஜெயஸ்ரீயின் ஜாதகம். ஊட்டியில் ஒரு பேக்கரியில் வேலை.

பெண் பார்க்கப் போன இடத்தில் ஜெயஸ்ரீ நேராகவே கேட்டாள்: "முன்னாடி இன்னொரு பேரும் இருந்துச்சாமே?"

ஹரிதாஸ் எதையும் மறைக்கவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வரும் பாட்டுவரை சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே வந்து, பாப்பம்மாள் வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். உள்ளேயும் சிரிப்பு நிற்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள், இதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்மதம்தான்.

கல்யாணமான சில வருடங்களில் இன்டர்நெட் மலிவாகி, பாட்டு ஏற்ற ஆள் வருவது நின்றுபோனது. தேயிலை விலையும் ஏறியபாடில்லை. ஜெயஸ்ரீ கடையின் முன்பாதியை எடுத்துக்கொண்டு மொறுமொறுப்பான வர்க்கி சுட்டு விற்கத் தொடங்கினாள். பின்பாதியில் ஹரிதாஸ் உடைந்த போன்களைச் சரிசெய்கிறான். போனைக் கொடுத்தவர்கள் முன்னால் நின்று வர்க்கி தின்கிறார்கள். வேலை எவ்வளவு தாமதமானாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.